46 ஆட்டம், 24 புள்ளி

அன்புள்ள தம்பி,

ரக்பியில் ட்ரையே விழவில்லை, விங்குக்கு மாறிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஃப்ளை ஹாஃபாக உன்னிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ட்ரை போடாதது அல்ல. பந்து கைக்கு வந்ததும் ஓடியே தீருவேன் என்கிறாயே, அது.

உன்னைப் போலவே ஃப்ளை ஹாஃபாக ஆடிய பெல்ஃபாஸ்ட்காரர் ஜாக் கைலை எடுத்துக்கொள். 1947 முதல் 1958 வரை அயர்லாந்துக்காக 46 ஆட்டம். சேர்த்த புள்ளி 24தான்: 7 ட்ரை, ஒரு டிராப் கோல். அந்தக் காலத்தில் ட்ரைக்கு 3 புள்ளி என்று தள்ளுபடி கொடுத்தாலும், உன் கணக்கில் அவருக்கு அணியில் இடம் கிடைக்காது. ஆனால் அயர்லாந்து கண்ட தலைசிறந்த ஆட்டக்காரர் என்று 2002இல் அந்நாட்டு ரக்பி யூனியன் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

1948இல் அயர்லாந்து தன் முதல் கிராண்ட் ஸ்லாமை (தொடரின் எல்லா ஆட்டத்திலும் வெற்றி) வென்றது. ராவன்ஹில் மைதானத்தில் வேல்ஸை 6-3 என்று சாய்த்த கடைசி ஆட்டத்தில் ட்ரை போட்டவர்கள் பார்னி முல்லனும் கிறிஸ் டேலியும். டேலி ஸ்க்ரம்மில் முட்டுகிற ப்ராப்! கார்ல் முல்லன் தலைமையில் ஃபார்வர்டுகள்தான் அந்த அணியின் பலம். அது தெரிந்து ஆடியவர் கைல். உதைப்பார், மடக்குவார், பாஸ் கொடுப்பார். இவர் ஓடமாட்டார் என்று எதிரணி ஃப்ளாங்கர் கொஞ்சம் அசந்தால் போதும், ஆளைக் காணோம். எப்போதாவது ஓடுகிறவனை மடக்குவதுதான் கஷ்டம்.

ஆட்டத்துக்காகப் படிப்பை ஓர் ஆண்டு தள்ளிப்போடச் சொல்கிறார்களாமே? கைல் மருத்துவ மாணவராக இருந்தபோதே 1950இல் பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ் அணியோடு நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். மாதக்கணக்கான பயணம், திரும்பும் வழியில் அந்த அணி கொழும்பிலும் ஓர் ஆட்டம் ஆடியது. மறு ஆண்டே டாக்டர் பட்டம். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லாத காலம் அது. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரனால் அப்படி முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்கும் யாரும் சம்பளம் தரவில்லையே! பிற்பாடு அவர் சாம்பியாவின் சிங்கோலா என்ற செம்புச் சுரங்க ஊரில் முப்பது ஆண்டுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார். பரீட்சையை எழுது.

சனிக்கிழமை முதல் 20 நிமிடம் நீ ஓடாதே. பந்தை டச் கோட்டுக்கு வெளியே உதை, எதிரணி 7ஆம் எண் ஃப்ளாங்கரின் கால்களைப் பார். வீடியோ எடுத்தால் உன் உதைகளை மட்டும் வெட்டி அனுப்பு. ஓடியதெல்லாம் எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்