புகார் வருமுன் அமைய வேண்டிய குழு

நம் வங்கியின் வாடிக்கையாளர்களில் பலர் கடை, பட்டறை, மருந்தகம், பள்ளி எனச் சிறு நிறுவனங்களை நடத்தி வருகின்றனர். தீக்கும் திருட்டுக்கும் அவர்கள் காப்பீடு எடுக்கின்றனர்; தீயணைப்புக் கருவியைச் சுவரில் மாட்டி வைக்கின்றனர். ஆயினும், பணியிடத்தில் ஒரு பெண் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானால் யாரிடம் முறையிடுவது என்ற வினாவுக்குப் பல இடங்களில் விடை இல்லை. அந்த விடையை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது உரிமையாளரின் சட்டக் கடமையாகும். அதனை இங்கே பயில்வோம்.

சட்டம் பிறந்த வரலாறு

1992ஆம் ஆண்டு, இராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய கிராமப் பெண் ஒருவர் குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றார். அதன் விளைவாகக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். கடமையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்ட அவரைப் பணியிடத்தில் காக்கத் தனிச் சட்டம் எதுவும் அன்று இல்லை. மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்ட் 13 அன்று 'விசாகா' தீர்ப்பை வழங்கி, நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின் வழியே உருவான சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது.

யாரைக் காக்கிறது?

நிரந்தர ஊழியர், தினக்கூலி, ஒப்பந்தப் பணியாளர், பயிற்சி பெறுபவர், வீட்டுப் பணிப்பெண் ஆகிய அனைவரையும் இச்சட்டம் காக்கிறது. அங்கே பணிபுரியாத பெண்ணும் புகார் அளிக்கலாம். கடைக்கு வரும் வாடிக்கையாளரும் இதில் அடங்குவார். விருப்பமில்லாத தீண்டல், பாலியல் இணக்கம் கோருதல், பாலியல் சார்ந்த பேச்சு, ஆபாசப் படங்களைக் காட்டுதல், இவை போன்ற பிற நடத்தைகள் யாவும் குற்றமாகும்.

குழுவை அமைப்பது எப்படி?

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் எழுத்துப்பூர்வ ஆணையால் உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர். ஊழியர்களுள் குறைந்தது இருவர் உறுப்பினர். தொண்டு நிறுவனம் போன்ற வெளியமைப்பிலிருந்து ஒருவர். உறுப்பினர்களில் பாதிப் பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். குழு அமைக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடமாயினும், புகார் உரிமையாளர் மீதே எழுந்தாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுக வேண்டும்.

புகார் அளிப்பது எப்படி?

நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தொடர் நிகழ்வாயின் கடைசி நிகழ்விலிருந்து காலம் கணக்கிடப்படும். தக்க காரணம் இருப்பின் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். எழுத இயலாதவருக்கு எழுதித் தர வேண்டியது குழுவின் பொறுப்பு. தேதி, இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றை உடனுக்குடன் குறித்து வைப்பதும், கைப்பேசிச் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும் நலம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். அறிக்கை கிடைத்த 60 நாட்களுக்குள் உரிமையாளர் அதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். இதனோடு காவல் நிலையத்தை நாடும் உரிமையும் அப்பெண்ணுக்கு உண்டு.

உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டியவை

பதினான்கு பேர் பணிபுரியும் ஒரு துணிக்கடையில், மேற்பார்வையாளர் மீது விற்பனைப் பெண் ஒருவர் புகார் கூறுவதாகக் கொள்வோம். கடையின் பெயர் கெடுமே என அஞ்சும் உரிமையாளர், ஒரு தொகையைக் கொடுத்துப் பேசி முடிக்க எண்ணக்கூடும். சட்டம் இதனை ஏற்பதில்லை. அப்பெண்ணே கேட்டுக்கொண்டால் மட்டுமே விசாரணைக்கு முன் சமரசம் பேசலாம். அப்போதும் பணம் அதற்கு அடிப்படையாகக் கூடாது. விசாரணையில் குற்றம் உறுதியான பின், மன வேதனை, வருவாய் இழப்பு, மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கருதி குழு பரிந்துரைக்கும் இழப்பீடு வேறு. அதனைக் குற்றவாளியின் ஊதியத்திலிருந்தே பிடித்தம் செய்யலாம்.

அப்பெண்ணை வேறு கிளைக்கு அனுப்பிவிட்டு, புகாருக்கு உள்ளானவரை அதே இடத்தில் அமர்த்துவதும் தவறான முடிவாகும். விசாரணைக் காலத்தில் இருவரில் ஒருவரை இடமாற்றுவதோ, அப்பெண்ணுக்கு மூன்று மாதங்கள் வரை விடுப்பு அளிப்பதோ அவரது எழுத்துப்பூர்வ வேண்டுகோளின் பேரில் குழு பரிந்துரைப்பதாக இருக்க வேண்டும். புகாரில் உள்ள பெயர்களை வெளியிடுவதற்கும் தடை உண்டு.

புகாரை மெய்ப்பிக்க இயலவில்லை என்பதற்காக மட்டும் அப்பெண்ணைத் தண்டிக்க இடமில்லை. இதனை ஊழியர் அனைவருக்கும் தெரிவிப்பது அவர்களின் அச்சத்தைப் போக்கும்.

குழுவை அமைத்த ஆணையை அனைவரும் காணும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளையே. நம் கடையின், அலுவலகத்தின் சுவரில் அத்தாள் இருக்கிறதா என்று இன்றே பார்ப்போம். உடனடி ஆபத்தில் 112 என்ற எண்ணும், மகளிர் உதவிக்கு 181 என்ற எண்ணும் அதன் கீழே எழுதப்பட்டிருக்கட்டும்.