சுக்கிலச் சுரப்பிச் சிகிச்சையில் இல்லாள் துணை

முதுமை வருதல் மக்கட்கு இயல்பு; முதுமையோடு நோய் சில வருதலும் இயல்பு. காய்ச்சலென்றால் ஊரார்க்குரைப்போம், கண்ணிற் படலமென்றால் தயங்காது மருத்துவரை நாடுவோம். ஆனால், சுக்கிலச் சுரப்பியிற் காணும் புற்றுநோயைக் குறித்தோ, ஆடவர் வாய் திறப்பது அரிது. அவர்தம் மனைவியர் வினவுவது அதனினும் அரிது. கல்லூரி மலரில் இதனை எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் ஐம்பதைக் கடந்தவர். இன்றைய மாணவர்க்கோ தந்தையரும் தாயரும் உளர். ஆதலின் தகுமென்றே துணிந்தோம்.

சுக்கிலச் சுரப்பியாவது ஆடவர் உடம்பில் சிறுநீர்ப்பையின் கீழே, பெரியதோர் நெல்லிக்கனியளவாய், நீர் வெளிப்படும் குழாயைச் சூழ்ந்து நிற்பது. இதனைப் புரோஸ்டேட் என்றும் வழங்குவர். வயது ஏற ஏற இது பருத்தல் பலர்க்கும் உண்டு. அப்பருமன் வேறு, புற்றுநோய் வேறு. புற்றுநோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டறியப்படின், சிலர்க்குக் கண்காணிப்பே அமையும். சிலர்க்குக் கதிர்ச் சிகிச்சை தகும். சிலர்க்குச் சுரப்பி முழுவதையும் அறுத்து நீக்குதல் தகும். ஈண்டு யாம் உரைக்கப் புகுவது இறுதியாகக் கூறிய வகையைப் பற்றியே.

1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் என்பார் இச்சிகிச்சையை நிகழ்த்தினார். அதன்பின் நெடுங்காலம் உயிர் பிழைத்தோருட் பெரும்பாலார் ஆண்மையை இழந்தனர். நீரை அடக்கும் ஆற்றலை இழந்தோரும் பலர். 1981-இல் பாட்ரிக் வால்ஷ் என்னும் மருத்துவர், ஹாலந்து நாட்டு லைடன் நகரில் டாங்கர் என்னும் பேராசிரியரோடு ஆராய்ந்து, சுரப்பியை ஒட்டியோடும் நுண்ணரம்புகளின் வழியைக் கண்டார். அந்நரம்புகளைக் காத்து அறுக்கும் முறையை 1982-இல் கைக்கொண்டார். இதனால் அக்குறைகள் பெரிதும் குறைந்தன. எனினும் முற்றும் ஒழிந்தில. அறுவை சில மணி நேரத்தில் முடியும். அதன் பின்விளைவுகளைத் தாங்கும் பணியோ பல திங்கள் வீட்டிலேயே நடைபெறும்.

ஆகவே துணையின் முதற்படி, முன்னரே அறிந்திருத்தலாம். மருத்துவரிடம் கணவனும் மனைவியும் ஒருங்கே சென்று, வினாக்களைத் தாளில் எழுதிக் கேட்பது நன்று. அச்சமுற்றவன் செவியில் பாதிச் சொல்லே விழும்; மற்றப் பாதியைக் கேட்க இன்னொருவர் வேண்டும். நீர் கசியும் என்று முன்னரே அறிந்தவன் கசியுங்கால் வருந்துவான், அறியாதவனோ உடைந்துபோவான்.

அறுவைக்குப் பின் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம், நீரை வடிக்கும் குழாயோடு நோயாளி வீட்டிலிருப்பார். அக்குழாயைத் தொடுமுன் கைகளைக் கழுவுக. நீர் சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பையினும் தாழ்ந்திருக்கட்டும். நீர் சற்றே செந்நிறமாய் வரின் அஞ்சற்க. ஆனால், நீர் வராது நின்றாலும், குருதிக்கட்டிகள் மிகுந்தாலும், காய்ச்சல் கண்டாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சு முட்டினாலும் பொழுது தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்க. முக்குதல் புண்ணுக்குத் தீங்காதலின், கீரை, பழம், தண்ணீர் ஆகியவற்றால் மலச்சிக்கலைத் தடுக்க வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரம் அரிசி மூட்டையும் தண்ணீர்க் குடமும் அவர் கைக்கு ஆகா. ஆயினும் படுத்தே கிடத்தலும் ஆகாது. முற்றத்திற் சிறிது சிறிதாக நடப்பித்தல் காலிற் குருதி உறையாமற் காக்கும்.

குழாயை எடுத்தபின்னரே உண்மைச் சோதனை தொடங்குகிறது. இருமினும், தும்மினும், எழுந்து நிற்பினும் நீர் கசியும். ஊரில் மதிப்போடு உலவியவர், கோயிலுக்கும் கலியாணத்துக்கும் செல்ல மறுத்து அறைக்குள் ஒடுங்குவார். இங்கே வேண்டுவது இரக்கமன்று, உபாயம். உறிஞ்சும் துணிப்பட்டைகளும் மாற்று வேட்டி ஒன்றும் பையில் இருக்கட்டும். ஆலயத்தில் வாயிலருகே இடம்பெற்று அமர்க. அவர் துணியை அவரே அலசிக்கொள்ள விரும்பினால் தடுக்க வேண்டா. தன் காரியத்தைத் தானே செய்தலும் மருந்தே. 1948-இல் ஆர்னால்டு கீகல் என்னும் மருத்துவர், பிள்ளை பெற்ற பெண்டிர்க்கென இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒன்றை வெளியிட்டார். அதுவே இன்று இவ்வாடவர்க்கும் விதிக்கப்படுகின்றது. மகப்பேற்றின்பின் அதனைப் பயின்ற மனைவி, கணவனுக்கு ஆசிரியையாகவும் ஆகலாம்! பலர்க்குச் சில திங்களிலும், சிலர்க்கு ஓராண்டளவிலும் அடக்கும் ஆற்றல் மீள்கின்றது.

இல்லறத்தின் அந்தரங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆண்மை மீளுதற்கு ஈராண்டு வரையும் செல்லலாம். சிலர்க்கு முன்போல மீளாமலும் இருக்கலாம். மருந்து முதலிய வழிகள் உள; மருத்துவரைக் கேட்டறிதல் இழிவன்று. ஆனால் இங்கு நோயினும் கொடியது மௌனமே. தன்னால் மனைவிக்குக் குறை நேர்ந்ததென்று கணவன் விலகுவான். தன்னை வெறுத்தே விலகுகிறாரென்று மனைவி எண்ணுவாள். இருவரும் தவறாகவே எண்ணி ஒரே கூரையின்கீழ்த் தனித்து வாழ்வர். கைபற்றி அருகிருந்து, இருப்பதை இருந்தவாறே பேசுவதனால் இத்தவறு நீங்கும்.

இறுதியாக, துணை நிற்பவளுக்கும் துணை வேண்டும். இரவெல்லாம் விழித்திருப்பவளைப் பகலில் உறங்கவிடுதல் மக்கள் கடமை. புற்றுநோய் எஞ்சியுள்ளதோ என அறியச் சில வாரம் கழித்துக் குருதியைச் சோதிப்பர். அதன்பின்னும் பல்லாண்டு இச்சோதனை தொடரும். ஒவ்வொரு முறையும் முடிவு வருமளவும் அவள் நெஞ்சும் நடுங்கும் என்பதைக் கணவரும் அறிதல் வேண்டும்.

வாழ்விலும் தாழ்விலும் பிரியோம் என்று மணநாளில் உரைத்த உறுதிமொழி, இளமையிற் சொல்லளவே. வடிகுழாயும் நனைந்த துணியும் உள்ள வீட்டில், ஒருவர் முன் ஒருவர் நாணாதிருக்கக் கற்ற அன்றே அது செயலாகின்றது. அவ்வீட்டிற் பிறந்த மாணவரே, உங்கள் தந்தையர் சொல்லத் தயங்குவதை, நீங்களே முந்திக் கேளுங்கள்.