நோக்கம் கற்பித்தலும் வரலாற்றுச் சான்றும்: கான்சாகிபு வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

வாலாஜாபேட்டை, ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் ‘வாலாஜா’ என்னும் பட்டத்தால் பெயர்பெற்ற ஊர். அந்நவாபின் ஆணைப்படி, கான்சாகிபு என மக்கள் வழங்கிய மதுரை ஆளுநர் முகமது யூசுப்கான் 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். யூசுப்கான் கிளர்ந்தது ஏன், நவாப் விரைந்து கொன்றது ஏன் என்னும் இரு வினாக்களுக்கும் கூறப்படும் விடைகளின் சான்று வலிமையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கவிஞனும் ஆய்வாளனும்

இயல்பாக நிகழும் ஒன்றன்மீது கவிஞன் தன் குறிப்பை ஏற்றுவது தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் காற்றில் அசைவது, கோவலனை வர வேண்டா எனத் தடுப்பதாகக் காட்டப்படுகிறது. கோவலனின் முடிவை அறிந்தமையாலேயே அக்குறிப்பு பொருந்துகிறது. முடிவை அறிந்து தொடக்கத்துக்கு நோக்கம் கற்பித்தல் கவிதையில் அணி. வரலாற்றில் அது பிழைக்கு வழி.

யூசுப்கானின் கிளர்ச்சி

எஸ். சி. ஹில் 1914-இல் வெளியிட்ட ஆங்கில நூல், யூசுப்கானைத் தலைப்பிலேயே கலகத் தளபதி என்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலின் பெயரோ ‘கான்சாகிபு சண்டை’. ‘கலகம்’ என்னும் சொல் மேலதிகாரம் ஒன்றை முன்னரே ஏற்கிறது. ‘சண்டை’ என்பது இரு தரப்பையும் நேர்நிறுத்துகிறது. இவ்வாறு ஆராயும் முன்னரே பெயரீடு தீர்ப்பாகிவிடுகிறது.

யூசுப்கான் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றியதைக் கொண்டு, பிரெஞ்சுச் சார்பே கிளர்ச்சிக்குக் காரணம் எனல் எளிது. ஆயின் நிகழ்ச்சி வரிசை அதற்கு இடந்தரவில்லை. 1758-59 சென்னை முற்றுகையில் அவர் பிரெஞ்சுப் படைக்கு எதிராகப் போரிட்டவர். மதுரை வருவாயின்மீது நவாப் கொண்ட உரிமை பற்றிய பூசல் முன்னது, கொடி பின்னது. எனவே கொடி காரணமன்று. பூசல் முற்றியபின் தேடிய துணையின் அடையாளம் எனக் கொள்வதே பொருந்தும். இங்குக் காலவரிசை ஒரு விடையை விலக்கி மற்றொன்றை நிறுத்துகிறது.

நவாபின் விரைவு

பல மாத முற்றுகைக்குப் பின் யூசுப்கான் தம்மவராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டார். சில நாள்களுக்குள் தூக்கிலிடப்பட்டார். இவ்விரைவுக்குப் பழிவாங்கல், பாளையக்காரர்க்கு எச்சரிக்கை, கும்பினி மீண்டும் அவரை ஏற்குமோ என்னும் அச்சம் என மூன்று நோக்கங்கள் கருதக்கூடும். நவாப் கும்பினிக்குப் பெருங்கடன்பட்டிருந்தார். மதுரை வருவாய் அவருக்கு இன்றியமையாதது. ஆயினும் கடன் அவர்தம் தேவையைக் காட்டுகிறதேயன்றி, ஆணையிட்ட மனத்தைக் காட்டவில்லை. விரைவு என்னும் ஒரே செய்தி மூன்று விடைகளுக்கும் ஒப்பப் பொருந்துவதால் எதனையும் நிறுவாது. நவாபை வஞ்சகர் எனவோ அரசியல் தேர்ச்சியாளர் எனவோ முடிவுகட்டுவது ஆய்வாளன் குறிப்பையே அவர்மீது ஏற்றுவதாகும்.

முடிவுரை

ஒரு விடையைத் தாங்கிப் பிறவற்றை விலக்கும் சான்றே நோக்கத்துக்குச் சான்றாகும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது சூழலின் விளக்கம் மட்டுமே. யூசுப்கான் திறத்தில் முன்னது ஓரளவு கிடைக்கிறது. நவாப் திறத்தில் பின்னதே எஞ்சுகிறது. ஐயத்துக்குரிய செயலைக் கண்டிக்க அதன் நோக்கத்தை அறிந்திருத்தல் வேண்டுவதில்லை. செயலும் விளைவும் போதும். நோக்கத்தைக் கூறப் புகுவோர், கருதுகோளைக் கருதுகோள் என்றே குறித்தல் கடமையாகும்.