எலும்பு கூடும் காலம்

மந்தைவெளியில் எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். மண் தடத்தில் பைக் ரேஸ் ஓட்டுகிறவன். போன சீசன் முடிந்து வீடு வந்தபோது இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதைப் பிரித்த அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். பழக்கத்தில் இடது கையால் டம்ளரைத் தூக்கினான். கை நடுங்கி, காபி டபராவில் சிந்தியது. வலது கையோடு சேர்த்துப் பார்த்தால் அந்த முன்கை ஒரு சின்னப் பிள்ளையின் கை போல மெலிந்திருந்தது.

அடுத்த அரை மணி நேரத்தில் ஐந்து பேர் யோசனை சொன்னார்கள். ஐந்துமே அன்பில் வந்தவைதான். ஆனால் ஒன்றுதான் சரி.

‘ஓடுறது வண்டிதானே, இவனுக்கென்ன களைப்பு?’ என்றார் கீழ் வீட்டு மாமா. சோழவரம் ரேஸ் காலத்திலிருந்தே சென்னைக்கு பைக் பந்தயம் பழக்கம்தான். ஆனால் நாம் அதிகம் பார்த்தது தார்ச் சாலைப் பந்தயம். மண்ணில் ஓட்டுகிறவர் சீட்டில் உட்காருவதே குறைவு. ஃபுட்பெக்கில் நின்றபடி, ஒவ்வொரு குழியையும் முழங்காலாலும் முதுகாலும் வாங்கிக்கொள்கிறார். மோட்டோகிராஸ் வீரர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில், பந்தயம் முழுக்க இதயத்துடிப்பு அதன் உச்சத்தில் 90 சதவீதத்தை ஒட்டியே ஓடியிருக்கிறது. டக்கார் ராலி இதைவிடக் கடினம். பக்கத்துக் கேரளத்தின் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா, நம் ஓசூர் டி.வி.எஸ். ரேஸிங்கின் ஆதரவோடு வளர்ந்தவர். 2024 டக்காரில், சவூதி அரேபியப் பாலைவனத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஓட்டி, ராலி-2 பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடமும் பிடித்தார். அடுத்த ஆண்டு அதே டக்காரில், தொடக்கச் சுற்றிலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆண்டு முழுக்க உடம்பைத் தயார் செய்தவருக்கு ஒரே நாளில் டக்கார் முடிந்தது. அந்த உடம்புக்கு ‘என்ன களைப்பு’ என்று கேட்க எனக்கு மனசு வராது.

‘புத்தூர் கட்டு போட்டிருந்தா மூணே வாரம். இப்பவாவது எண்ணெய் போட்டு நல்லா உருவிவிடுங்க’ என்றார் எதிர் வீட்டுக்காரர். புத்தூர் கட்டுப் பலகை தொங்காத பேட்டை சென்னையில் குறைவு. இம்மியும் விலகாமல் விரிசல் மட்டும் விட்ட எலும்பு அசையாமல் இருந்தாலே கூடிவிடும். அதைக் கூட்டுவது உடம்புதான், பேர் வாங்குவது கட்டு. மணிக்கட்டு விஷயம் வேறு. அங்கே கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்ட் என்று முந்திரிப்பருப்பு மாதிரி ஓர் எலும்பு உண்டு. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கித்தான் வருகிறது. நடுவில் முறிந்தால் உள்பக்கத் துண்டு ரத்தமில்லாமல் வாடிப்போகலாம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போவதும் உண்டு. கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேல். முழுதாகக் கூடாத எலும்பின் மேல் உருவினால் கூடிக்கொண்டிருப்பதும் விலகும். இறுகக் கட்டி ரத்த ஓட்டம் நின்றால் கையே போகும்.

பெரியம்மாவுக்கு ஆட்டுக்கால் சூப். காலையிலிருந்து அடுப்பில் கொதித்த மிளகு வாசம் மாடிப்படி வரை வந்தது. குடிக்கட்டும், உடம்புக்குச் சுகம்தான். ஆனால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் சொற்பம். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. கூடவே தயிர், முட்டை, மீன், பருப்பு, கொஞ்சம் வெயில். முக்கியமாக சிகரெட் கூடாது, அது எலும்பு கூடுவதையே தாமதப்படுத்தும்.

எனக்குப் பயம் வந்தது நான்காவது யோசனையைக் கேட்டுத்தான். ‘கட்டுதான் பிரிச்சாச்சே மச்சான், ஞாயித்துக்கிழமை வந்துரு. ஹெல்மெட் போட்டிருந்தே, தலைக்கு ஒண்ணும் ஆகலையே’ என்றான் கூட ஓட்டும் நண்பன். விழுந்த அன்று பத்து நிமிஷம் எதுவும் நினைவில்லை என்று பையன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதால் முழுதாகத் தடுக்க முடியாது. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. டக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியர் பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ். 2015-ல், முதல் முயற்சியிலேயே 36-ஆம் இடம். அத்தனை அனுபவசாலி, நல்ல ஹெல்மெட், பெரிய அணி. 2021 ஜனவரியில் நான்காம் நாள் விழுந்தபோது தலையில் பலத்த அடி. ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மருந்தால் கோமாவில் வைத்துக் காப்பாற்றினார்கள். வலி போய்விட்டதா என்பது இங்கே கணக்கே இல்லை. வெளிச்சம் கூசுகிறதா, படித்தது மனசில் நிற்கிறதா, தூக்கம் கெடுகிறதா, எரிச்சல் வருகிறதா என்று பார்த்து, டாக்டர் சொன்ன பிறகே வண்டி.

காத்திருந்தால் வாய்ப்பு போய்விடும் என்பவர்களுக்கு பைக் பந்தய வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸேயைச் சொல்வேன். இவரும் பெங்களூருக்காரர். 2017-ல் காரை எலும்பு முறிந்து பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். 2018-ல் ஸ்பெயினில் விழுந்து கணையமே கிழிந்தது. 2019-ல் எஃப்.ஐ.எம். பாஹாஸ் உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவு அவருடையது.

அதற்காகப் படுத்தே கிடப்பதும் ஓய்வாகாது. அசையாத தசை இரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிய இளைக்கும். அந்தக் காபி டம்ளரே சாட்சி. அதனால் மணிக்கட்டு சும்மா இருக்கும்போதே விரலும் முழங்கையும் தோளும் அசைய வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கலாம். அதற்குமுன், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே நாடித்துடிப்பை எண்ணி ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னேன். வழக்கத்தைவிடத் துடிப்பு கூடியே இருந்தால் களைப்பு இன்னும் தீராமல் இருக்கலாம்.

ஐந்தாவது யோசனை பாட்டியுடையது. ‘எல்லாரும் கிளம்புங்க, பிள்ளை தூங்கட்டும்.’ ஒரு சீசனின் தூக்கக்கடன் ஓரிரவில் அடையாது. சிதைந்த தசையைத் திரும்பக் கட்டும் வேலைக்கும் நல்ல தூக்கம் வேண்டும். மறுநாள் மத்தியானம் கேழ்வரகு மாவோடு போனேன். காலிங் பெல் அடிக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, பாட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.