சிப்காட் பக்கத்துல மனை: விலையில நிஜம் எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு?

போன மாசம் லீவுக்கு ஜெயங்கொண்டம் போயிருந்தேன். அப்பா ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். சிப்காட் அருகில் வீட்டு மனை, ஒரு மனை 10 லட்சம். "இன்ஜினியரிங் படிக்கிறேல்ல, கணக்குப் போட்டுச் சொல்லு. வாங்கலாமா?"

அது அவர் பல வருஷமா சேர்த்த பணம். அதனால விளையாட்டா பதில் சொல்ல முடியல. திண்ணையில இருந்த அப்பாயி மட்டும், "நிலக்கரி எடுக்கப் போறாங்கன்னு சொன்னப்பவும் ஊரே இப்படித்தான் பேசிச்சு"ன்னாங்க. அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்கு ஆரம்பம்.

விலைக்குள்ள என்ன இருக்கு?

ஒரு வீட்டோட விலையில ரெண்டு பங்கு உண்டு: கட்டடம், நிலம். செங்கல், சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் ஜெயங்கொண்டத்துலயும் கும்பகோணத்துலயும் பெரிசா மாறாது. கட்டடம் வருஷா வருஷம் பழசாகும். ஊருக்கு ஊர் விலை வித்தியாசப்படுறதுக்குக் காரணம் நிலம்தான்.

நிலத்தின் விலையையும் ரெண்டாப் பிரிக்கலாம். ஒண்ணு, இன்னைக்கே இருக்கற வசதி. திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலை நம்ம ஊர் வழியாப் போகுது. மீன்சுருட்டி போனா விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையைப் பிடிக்கலாம். ஆனா ரயில் கிடையாது, அதுக்கு அரியலூர் போகணும். 2022 ஜனவரியில திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அரியலூர்லதான். இந்த நல்லது கெட்டது எல்லாம் ஏற்கனவே விலைக்குள்ள வந்தாச்சு.

இன்னொண்ணு, நாளைக்கு வரப்போற வசதி. இதுதான் எதிர்பார்ப்பு. சிக்கலே இங்கதான்.

ஒரே ஊர், ரெண்டு அறிவிப்பு

1990-களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காகச் சுற்றியுள்ள 13 கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. நெய்வேலி மாதிரி நம்ம ஊரும் ஆகும்னு பேச்சு. சுரங்கம் வரவே இல்லை. இழப்பீட்டு வழக்குகள்தான் வருஷக்கணக்கா நடந்துச்சு. சுமார் கால் நூற்றாண்டு கழிச்சு அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர முடிவு செஞ்சது.

அடுத்த அறிவிப்பு, 15 நவம்பர் 2024. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு 1,000 கோடி ரூபாய், வேலை 15,000 பேருக்குன்னு அறிவிப்பு.

முதல் திட்டம் நின்னுபோச்சுங்கறதுக்காக ரெண்டாவதும் நிக்கும்னு நான் சொல்ல வரல. ஆனா அறிவிப்பு வேற, அதனால வீட்டு விலை ஏறுறது வேற. நடுவுல சில படிகள் இருக்கு.

15,000 வேலைன்னா 15,000 வீடா?

இல்லை. செய்யாறு சிப்காட்டைப் பாருங்க. அங்க காலணி ஆலைகள்ல வேலை பார்க்கறவங்கள்ல பெரும்பாலானவங்க சுத்துப்பட்டு கிராமத்துப் பெண்கள். கம்பெனி பஸ்ல காலையில வந்து, ஷிஃப்ட் முடிஞ்சதும் சொந்த வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. அவங்க சம்பளம் ஊர்க் கடைத்தெருவுக்குப் பெரிய பலம். ஆனா அவங்க புதுசா வீடு தேடப் போறதில்லை. வீடு தேடப் போறது வெளியூர்ல இருந்து வர்ற சூப்பர்வைசர், இன்ஜினியர், பேங்க் ஊழியர் மாதிரி ஒரு சிறு கூட்டம். அவங்களும் பெரும்பாலும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பக்கம் இருக்கற டவுனுக்குள்ளதான் வாடகைக்குப் பார்ப்பாங்க.

இன்னொரு விஷயம், ஒரே ஆலையை நம்பி நிக்கறது. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006-ல உற்பத்தி தொடங்கி 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. அங்க வேற ஆலைகளும் இருந்ததால ஊர் தாங்கிக்கிச்சு. ஒரே ஒரு பெரிய ஆலை இருக்கற ஊருக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு.

மூணாவது, வரத்து. நம்ம ஊரைச் சுத்தி மலையோ கடலோ தடுக்கல. புஞ்சைக் காடும் முந்திரித் தோப்பும் மனையாகிட்டே இருக்கு. வாங்க ஆள் கூடும்போது மனையும் கூடினா, விலை நோட்டீஸ்ல சொல்ற வேகத்துல ஏறாது.

சரி, கணக்குக்கு வருவோம்

காலி மனைக்கு வாடகை வராது. அதனால விற்கறதுக்காக வாங்கறவருக்கு அதோட விலையில பெரும்பங்கு எதிர்பார்ப்புதான்.

மனை 10 லட்சம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 90,000. மொத்தம் 10.9 லட்சம். (ஏப்ரல் 2025-ல இருந்து 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1% குறையும். அம்மா பேர்ல வாங்கினா 10,000 மிச்சம்.) இதே பணம் பேங்க்ல 6.5% கூட்டு வட்டியில இருந்தா எவ்வளவு ஆகும்னு பார்ப்போம். வட்டி நான் எடுத்துக்கிட்ட ஒரு அனுமானம், நீங்க மாத்திப் போட்டுக்கலாம்.

5 வருஷம்: 14.9 லட்சம்
10 வருஷம்: 20.5 லட்சம்
25 வருஷம்: 52.6 லட்சம்

அதாவது 5 வருஷத்துல மனை சுமார் 15 லட்சத்துக்கு வித்தாத்தான் பேங்க்ல போட்டதுக்குச் சமம். "10 லட்சத்துக்கு வாங்கினேன், 13-க்கு வித்தேன்"னு ஒருத்தர் சந்தோஷமாச் சொன்னா, கணக்குப்படி அது நஷ்டம். திட்டம் 10 வருஷம் தள்ளிப்போனா விலை ரெண்டு மடங்கு ஆனாலும் பத்தாது. அப்பாயி சொன்ன நிலக்கரிக் கதை மாதிரி 25 வருஷம் ஆனா? கடைசி வரியைப் பாருங்க.

விலையை விட முக்கியம், பத்திரம்

9 செப்டம்பர் 2016-ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியத் தடை விதிச்சது. 2017-ல வந்த வரன்முறை விதிகள், 20 அக்டோபர் 2016-க்கு முன்னாடி போட்ட மனைகளுக்குத்தான். அதனால டி.டி.சி.பி. ஒப்புதல் எண், பட்டா, வில்லங்கச் சான்று மூணையும் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. நம்ம பகுதியில கூடுதலா ஒண்ணு: அந்தச் சர்வே எண் நிலக்கரித் திட்டத்துக்கு எடுத்த நிலத்துல வருதா, வந்தா இப்ப யார் பேர்ல இருக்குன்னு தாலுகா ஆபீஸ்ல கேட்கணும். வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்துல இலவசமாவே பார்க்கலாம்.

எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட காட்டினேன். "அப்போ வேண்டாங்கறியா?"ன்னார். "குடியிருக்க வீடு கட்டணும்னா டவுனுக்குள்ள பார்க்கலாம்ப்பா. அதுல நம்ம வாடகை மிச்சம். விக்கறதுக்குன்னா, 5 வருஷத்துல இதை 15 லட்சம் கொடுத்து யார் வாங்குவாங்கன்னு மட்டும் யோசிங்க." கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தார். அப்புறம் நோட்டீஸ்ல இருந்த நம்பருக்குப் போன் போட்டு, முதல் கேள்வியா ஒப்புதல் எண்ணைக் கேட்டார். "நாளைக்குச் சொல்றோம் சார்"னு பதில் வந்துச்சு. நான் ஹாஸ்டல் திரும்பி மூணு வாரம் ஆச்சு, எண் இன்னும் வரல. பணம் பேங்க்லதான் இருக்கு.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு நோட்டீஸ் வந்திருக்கும். விலையையும் வட்டியையும் மாத்திப் போட்டு, இந்தக் கணக்கை வீட்ல ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.