அணியின் பெயரில் ஏன் கம்பெனி?

அன்புள்ள நிலா,

ஷோஹேய் ஓடானி முன்பு ஆடிய ஜப்பான் பேஸ்பால் அணியின் பெயரில் ‘நிப்பான் ஹாம்’ என்ற இறைச்சிக் கம்பெனி எதற்கு வருகிறது என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால் லீக்கின் வரலாறே அதற்குள் அடங்கியிருக்கிறது.

1934-ல் யோமியூரி நாளிதழின் அதிபர் ஷோரிகி மட்சுடாரோ, பேப் ரூத் உள்ளிட்ட அமெரிக்க நட்சத்திரங்களை ஜப்பானுக்கு வரவழைத்தார். பத்திரிகை விற்பனைக்கு அது பெரிய உதவி. ஷிசுவோகா ஆட்டத்தில் சவமுரா எய்ஜி என்ற 17 வயதுப் பையன் பந்து வீச வந்தான். ரூத்தும் லூ கெரிக்கும் உட்பட நான்கு பேர் வரிசையாக அவனிடம் ‘ஸ்டிரைக் அவுட்’ ஆனார்கள். கடைசியில் கெரிக் அடித்த ஒரே ஹோம் ரன்னால் 1-0 என்று ஜப்பான் தோற்றது. ஆனாலும் ஊர் முழுக்க அந்தப் பையன் பேச்சுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் ஷோரிகி ஒரு தொழில்முறை அணியையே தொடங்கிவிட்டார். இன்றைய யோமியூரி ஜயன்ட்ஸ் அதுதான்.

1936-ல் ஏழு அணிகளோடு லீக் பிறந்தது. நடத்தியவர்கள் பெரும்பாலும் பத்திரிகை முதலாளிகளும் ரயில் கம்பெனிகளும். ரயில்காரர்களுக்கு இதில் என்ன ஆதாயம் என்கிறாயா? ஹன்ஷின் ரயில்வேக்குக் கோஷியனில் சொந்த மைதானம் உண்டு, 1924-ல் கட்டியது. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அந்த ரயிலில் டிக்கெட் எடுத்துத்தானே வர வேண்டும்! போருக்குப் பிறகு, மைனிச்சி என்ற போட்டிப் பத்திரிகையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை மூண்டது. அதில் 1950-ல் லீக் இரண்டாக உடைந்தது: சென்ட்ரல், பசிபிக். 1958 முதல் ஒவ்வொன்றிலும் ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் இப்போது ஒரு சீசனில் 143 ஆட்டம் ஆடுகிறது. இரு பக்கமும் மேலே வந்தவர்கள் கடைசியில் ‘ஜப்பான் சீரிஸ்’ தொடரில் மோதுகிறார்கள். முதலில் நான்கு ஆட்டம் வென்றவர் சாம்பியன்.

அணி நஷ்டப்பட்டால் தாய்க் கம்பெனி அதை விளம்பரச் செலவாகக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று 1954-ல் வரித்துறையே வழிவிட்டது. அதனால்தான் இறைச்சிக் கம்பெனியும் யாகுல்ட் என்ற பானக் கம்பெனியும் அணி வைத்திருக்கின்றன. அணி தன் காலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம் என்பேன்.

ஹிரோஷிமா கார்ப் அணிக்குப் பின்னால் அப்படியொரு கம்பெனி இல்லை. அணுகுண்டு விழுந்த ஐந்தே ஆண்டில் களமிறங்கிய அணி அது. 1951-ல் சம்பளத்துக்கே பணமில்லாமல் கலைந்துபோகும் நிலை வந்தது. மைதானத்துக்கு வெளியே சாகே மதுப் பீப்பாய்களை வைத்தார்கள். வீட்டையே இழந்து நின்ற ஊர்க்காரர்கள் அதில் காசு போட்டார்கள். அணி பிழைத்தது. முதல் லீக் பட்டம் 1975-ல் வந்தது.

2004-ல் கின்டெட்சு ரயில்வே தன் அணியை ஓரிக்ஸ் அணியோடு இணைக்க முடிவு செய்தது. இரண்டு லீக்கையும் ஒன்றாகச் சுருக்கிவிடலாம் என்று உரிமையாளர்கள் பேசத் தொடங்கினார்கள். வீரர்களைக் கேட்கவில்லை, ரசிகர்களையும் கேட்கவில்லை. வீரர் சங்கத் தலைவர் ஃபுருட்டா அட்சுயா, யாகுல்ட் அணியின் கேட்சர், எதிர்த்து நின்றார். செப்டம்பர் 18, 19 இரண்டு நாளும் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அந்த லீக்கின் வரலாற்றில் அதுதான் முதல் வேலைநிறுத்தம். ரசிகர்கள் வீரர்கள் பக்கமே நின்றார்கள்.

இணைப்பைத் தடுக்க முடியவில்லை. ஆனால் புது அணிக்கு இடம்விட உரிமையாளர்கள் இறங்கிவந்தார்கள். செண்டாய் நகரில் ரக்குடன் அணி உருவானது. 2005-ல் 97 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடம்! 2011 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் அந்த வட்டாரமே நிலைகுலைந்தது. 2013-ல் அதே அணி, ஷோரிகி தொடங்கிய ஜயன்ட்ஸை ஜப்பான் சீரிஸில் வென்று சாம்பியன் ஆனது.

அன்புடன்,
மாமா