தலைமைக்கு எது தகுதி?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



தலைவன் என்றதும் நமக்கு மைக்கும் மாலையும்தான் நினைவுக்கு வரும். பேரவைத் தேர்தல் வந்தால் போதும், "அவன் நல்லா பேசுவான்டா, அவனுக்கே போட்ரு" என்போம். பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டிப்ளமா முடித்து நாம் போகப்போவது சைட்டுக்கும் ஷாப் ஃப்ளோருக்கும். அங்கே பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவனுக்கு வேறு குணங்களும் வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் பொறியாளர் இ. ஸ்ரீதரன். ரயில்வேயில் சேருமுன் கோழிக்கோடு அரசு பாலிடெக்னிக்கில் கொஞ்ச காலம் விரிவுரையாளராக இருந்தவர். அந்த வகையில் அவர் நம்ம ஆள்!

1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு கர்டர்களையும் கடல் கொண்டுபோனது. அன்றைக்கு ராமேசுவரம் தீவுக்கு சாலைப் பாலமும் கிடையாது. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்றது ரயில்வே. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது ஸ்ரீதரனிடம் வந்தது. புது கர்டர்கள் செய்து கொண்டுவருவதென்றால் நாளாகும். கடலுக்கடியில் பழைய கர்டர்கள் கிடப்பதாக மீனவர்கள் சொன்னார்கள். "இவங்களுக்கு என்ன தெரியும்" என்று தள்ளிவிடாமல், தேடி எடுத்து, பழுது பார்த்து, மறுபடியும் தூண்களில் ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது! (அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது, பக்கத்திலேயே புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.)

இரண்டாவது சம்பவம் டெல்லியில். 2009 ஜூலை 12-ம் தேதி, ஜம்ருத்பூரில் கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ பாலம் சரிந்து 6 பேர் இறந்தார்கள். அப்போது டெல்லி மெட்ரோவின் தலைவர் ஸ்ரீதரன். ஒப்பந்தக்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். அன்றைக்கே, பொறுப்பு என்னுடையது என்று ராஜினாமா கொடுத்தார். முதல்வர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. அவரும் பதவியில் தொடர்ந்தார். "எல்லாம் நாடகம்" என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே, கீழே இருக்கிற ஒருவனைக் கைகாட்டாமல் முன்னால் வந்து நின்றாரே, அதுதான் பெரிசு.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டிலும் தோற்றவன் நான்.

எங்கள் புராஜெக்ட் பேட்சுக்கு நான்தான் லீடர். 6204 பேரிங் உட்கார 20 மி.மீ. ஷாஃப்ட் கடைய வேண்டும். அளவு பார்த்துச் சொல்வது என் வேலை, லேத் ஓட்டியது நண்பன். ஒர்க் ஷாப் அண்ணன் வந்து, "தம்பி, அந்த மைக்ரோமீட்டர்ல ஜீரோ எர்ரர் இருக்கு, பாத்துக்க" என்றார். லீடர் இல்லையா, நான் காதிலேயே வாங்கவில்லை. மூடினால் ஜீரோவுக்குப் பதில் கூடுதலாகக் காட்டும் கருவி அது. 20 என்று அது சொன்னபோது ஷாஃப்ட் அதைவிடச் சிறுத்துப் போயிருந்தது. பேரிங் லொட லொடவென்று ஆடியது. ஹெச்.ஓ.டி. சார், "யாருப்பா கடைஞ்சது?" என்று கேட்டார். நான் சட்டென்று நண்பன் பெயரைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினான்.

மறுநாள் சாரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். "சரி, புது ஷாஃப்ட் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். இந்த முறை ஜீரோ பார்த்துவிட்டுத்தான் அளந்தோம். பேரிங் கச்சிதமாக ஏறியது. லேத் ஓட்டியது அதே நண்பன்தான். ஆனால் அவனிடம் மட்டும் இன்றுவரை நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. டீக்கடையில் எத்தனையோ தடவை சேர்ந்து உட்கார்ந்தும் வார்த்தை வரவில்லை. இந்த மலர் அவன் கைக்கும் போகும். மாப்ளே, அளவு தப்பு என்னுதுடா.